வந்த நாள், போகும் நாள்: தற்காலிக உழைப்பாளியின் வரி வரலாறு

வடக்கு அந்தமானில் திக்லிபூருக்கு அருகே உள்ள இயற்கைத் துறைமுகம் ஒன்றுக்குப் பழைய வரைபடங்கள் போர்ட் கார்ன்வாலிஸ் என்று பெயரிட்டுள்ளன. ஆர்ச்சிபால்ட் பிளேர் 1789இல் தெற்கு அந்தமானில் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியிருப்பு 1792இல் இவ்விடத்துக்கு மாற்றப்பட்டது. நோயும் மரணமும் மிகவே, 1796இல் அது கைவிடப்பட்டது. நிலையாகத் தங்க வந்த பேரரசு நான்கே ஆண்டுகளில் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பிய கடற்கரை அது.

அதன்பின் அப்பகுதிக்கு வந்தவர்களின் கதை நேர்மாறானது. சோட்டா நாக்பூரின் ஒராவோன், முண்டா, காரியா மக்கள் 1918 முதல் குறுகியகால ஒப்பந்தத்தில் காடு வெட்ட அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஆள்சேர்ப்பு நடந்த ஊரின் பெயரால் அவர்கள் எல்லோரும் 'ராஞ்சி' என்றே அழைக்கப்பட்டார்கள். ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்ப வேண்டியவர்கள். ஆனால் பலர் திரும்பவில்லை. 1949 முதல் கிழக்கு வங்காள அகதிக் குடும்பங்கள் நிலையாகத் தங்குவதற்கென்றே தீவுகளுக்கு வந்தன. 1950களில் திக்லிபூர் வட்டாரத்தில் அவர்களுக்கு நிலம் அளந்து கொடுக்கப்பட்டது. ராம்நகர், சீதாநகர், காளிகாட் முதலிய ஊர்ப்பெயர்கள் அந்தக் குடியேற்றத்தின் தடங்கள். கேரளபுரம் என்னும் பெயர் தென்னாட்டுக் குடியேற்றத்தின் தடம். இவர்கள் அனைவருக்கும் முன்பே அந்நிலத்தின் உரிமையாளர்களாக இருந்த அந்தமானியப் பழங்குடியினரோ நோயாலும் ஆக்கிரமிப்பாலும் அருகிப்போனார்கள். அக்கா-போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா மூதாட்டி 2010இல் மறைந்தார்.

தங்க வந்தவர் யார், திரும்பிப் போக வந்தவர் யார் என்னும் கேள்வி திக்லிபூரில் ஒவ்வொரு குடும்பத்தின் வாழ்வையும் தீர்மானித்தது. அதே கேள்வி இன்று அவ்வூரிலிருந்து வெளிநாடு செல்லும் இளைஞரையும் தொடர்கிறது. ஆய்வாளர் ஒருவர் பரிமாற்ற வருகையாளருக்கான ஜே-1 விசாவில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குச் செல்வதாகக் கொள்வோம். அடுத்த ஆண்டு ஏப்ரலுக்குள் அவர் வருமானவரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குரிய 1040-என்ஆர் படிவம் அவருடைய ஊதியத்தைக் கேட்கும். நாட்டுக்குள் நுழைந்த நாட்களையும் வெளியேறிய நாட்களையும் கேட்கும். உடன் இணைக்கவேண்டிய 8843 என்னும் படிவம் வருமானத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. வந்தவர் எந்த விசாவில், எத்தனை நாள் தங்கினார் என்பதே அதன் முழு விசாரணை. ஒரு டாலரும் ஈட்டாதவரும் அதை அனுப்பியாக வேண்டும்.

வரி அலுவலகம் நாட்களை எண்ணுவது ஏன்? இதற்கான விடையைத் தேடினால் வரலாறு முதலில் தமிழரிடமே கொண்டுபோய் நிறுத்துகிறது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரிடம்.

1860ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று, மதராஸிலிருந்து புறப்பட்ட 'டுரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் அவ்வாறு நேட்டால் சென்றனர். அவர்களில் பெரும்பான்மையோர் மதராஸ் மாகாணத்திலிருந்து கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் ஆவர். ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கானது. முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி. ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடி ஐந்தாம் ஆண்டில் 14 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்தபின் மேலும் ஐந்தாண்டு தங்கினால் ஊர் திரும்ப இலவசக் கப்பல் பயணம் கிடைக்கும். அதற்கு ஈடாக நிலம் பெறும் வாய்ப்பும் தொடக்கத்தில் இருந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டவரை, குடியேற்ற அரசு அவர்கள் தங்கியதை வரவேற்றது.

தங்கியவர்கள் காய்கறி பயிரிட்டார்கள், மீன் பிடித்தார்கள், கடை வைத்தார்கள். வெள்ளைக் குடியேறிகளின் கண்ணுக்கு அவர்கள் கூலிகளாக இருந்தவரை பயனுள்ளவர்கள். அண்டை வீட்டாராக மாறியதும் போட்டியாளர்கள். 1891இல் நிலம் வழங்கும் ஏற்பாடு நீக்கப்பட்டது. 1893இல் நேட்டால் தன்னாட்சி பெற்றதும், பின்ஸ், மேசன் என்னும் இருவர் கொண்ட தூதுக்குழு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. ஒப்பந்தம் முடிந்தவர்களைக் கட்டாயமாகத் திருப்பியனுப்ப இந்திய அரசின் இசைவைப் பெறுவதே அதன் நோக்கம். மறுப்பவர்களைக் குற்றவாளிகளாக நடத்தக்கூடாது என்னும் நிபந்தனையோடு இந்திய அரசு பெரும்பகுதி இணங்கியது. தண்டிக்க முடியாத இடத்தில் வரி போடலாம் என்று நேட்டால் கண்டுகொண்டது. முதலில் பேசப்பட்ட தொகை ஆண்டுக்கு 25 பவுண்டு என்று காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். வைஸ்ராய் எல்ஜின் பிரபு அதை மறுத்து, மூன்று பவுண்டுக்கு ஒப்புதல் அளித்தார்.

1895ஆம் ஆண்டின் 17ஆம் எண் சட்டம் அவ்வாறு பிறந்தது. அதன்கீழ் வந்த தொழிலாளி ஒப்பந்தம் முடிந்ததும் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: ஊர் திரும்புவது, மீண்டும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைப்பது, அல்லது தங்கியிருப்பதற்கான உரிமமாக ஆண்டுதோறும் மூன்று பவுண்டு கட்டுவது. மூன்று பவுண்டு என்றால் 60 ஷில்லிங். முதலாண்டுக் கூலியில் அது ஆறு மாத உழைப்பு. ஐந்தாமாண்டுக் கூலியிலும் நான்கு மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. 1903இல் வரி பிள்ளைகளுக்கும் நீட்டப்பட்டது: 16 வயதான பையன்களுக்கும் 13 வயதான பெண்களுக்கும். கணவன், மனைவி, வயது வந்த இரு பிள்ளைகள் கொண்ட குடும்பம் ஆண்டுக்கு 12 பவுண்டு கட்ட வேண்டும். மாதம் 14 ஷில்லிங் ஈட்டுபவனின் முழு ஆண்டுக் கூலியே 8 பவுண்டு 8 ஷில்லிங்தான்.

வருமானத்துக்கு மேற்பட்ட வரியை வருமானத்துக்கான வரி என்று கொள்ள இயலாது. அது தங்கியதற்கான வரி. கருவூலத்தை நிரப்புவதைவிட, கட்ட முடியாத குடும்பத்தைக் கப்பலுக்கோ கரும்புத் தோட்டத்துக்கோ திருப்பியனுப்புவதே அதன் பணி. பலர் மீண்டும் ஒப்பந்தத்தில் சேர்ந்தார்கள். கட்ட இயலாமல் சிறை சென்றவர்களும் உண்டு. 1894இல் தொடங்கப்பட்ட நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தொடக்கமுதல் இவ்வரியை எதிர்த்தது. 1912இல் கோபால கிருஷ்ண கோகலே தென்னாப்பிரிக்கா சென்று அமைச்சர்களைச் சந்தித்து, வரி நீக்கப்படும் என்ற நம்பிக்கையுடன் திரும்பினார். அத்தகைய வாக்குறுதி எதையும் தரவில்லை என்று ஆட்சியாளர்கள் மறுத்தார்கள்.

1913 அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களிடம் சென்று மூன்று பவுண்டு வரியை எடுத்துரைத்து வேலையை விடச் செய்தவர்களில் டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை கடந்து வந்த தமிழ்ப் பெண்கள் முதன்மையானவர்கள். நவம்பர் 6 அன்று 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் காந்தியடிகளின் தலைமையில் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தார்கள். பின்னர் வேலைநிறுத்தம் கடற்கரைக் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோயுற்று, விடுதலைக்குப் பின் 1914 பிப்ரவரி 22இல் உயிர்நீத்தார். அவ்வாண்டு நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுண்டு வரியை ஒழித்தது, நிலுவைகளும் தள்ளுபடியாயின. ஆயினும் அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. குடியிருக்கும் உரிமையைத் துறப்பவருக்கு இந்தியாவுக்கு இலவசக் கப்பல் பயணம் உண்டு என்றது அது. வரி போயிற்று, போகச் சொல்லும் விருப்பம் போகவில்லை.

நேட்டாலில் தங்கியவனைத் துரத்த வரி பயன்பட்டது. அடுத்த அரை நூற்றாண்டில், திரும்பிப் போகிறவரை வரவேற்க வரிவிலக்கு பயன்படலாயிற்று. இரண்டும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

இரண்டாம் உலகப்போருக்குப்பின் வெளிநாடுகளில் கிடந்த உபரிப் போர்த் தளவாடங்களை விற்ற பணத்தைக் கல்விப் பரிமாற்றத்துக்குச் செலவிட வகைசெய்யும் ஃபுல்பிரைட் சட்டம் 1946இல் நிறைவேறியது. 1950 பிப்ரவரி 2 அன்று இந்தியாவும் அமெரிக்காவும் அதன்கீழ் உடன்பாடு செய்துகொண்டன. 1951இல் உணவுப் பஞ்சத்தை எதிர்நோக்கிய இந்தியாவுக்குக் கோதுமை வாங்க 19 கோடி டாலர் கடன் அளித்த அமெரிக்கச் சட்டம், அக்கடனின் வட்டியில் 50 லட்சம் டாலர் வரை கல்விப் பரிமாற்றத்துக்கு ஒதுக்கியது. அவ்வகையில் சில இந்தியப் பேராசிரியர்களின் அமெரிக்கப் பயணத்துக்குப் பணம் தந்தது பசித்தவர் உண்ட கோதுமையின் வட்டி.

இன்றைய ஜே விசாவை உருவாக்கியது 1961ஆம் ஆண்டின் ஃபுல்பிரைட்-ஹேஸ் சட்டம். அச்சட்டம் ஒரே மூச்சில் இரு காரியங்கள் செய்தது. பரிமாற்ற வருகையாளர் பணி முடிந்தபின் இரண்டாண்டு தாயகத்தில் வாழ்ந்த பிறகே குடியேற்ற உரிமை கோரலாம் என்று 1956இல் வந்த விதியை அது குடியேற்றச் சட்டத்துக்குள் பதித்தது. (1970இல் இவ்விதி அரசு நிதி பெற்றவர்கள், தாயகத்துக்குத் தேவையான துறைகளைச் சேர்ந்தவர்கள் போன்றோருக்கு மட்டும் எனச் சுருங்கியது.) கூடவே, தற்காலிகமாக வந்தவரின் பரிமாற்றப் பணி ஊதியத்தில் சமூகப் பாதுகாப்பு வரி பிடிக்க வேண்டாம் என்றும் வரிச்சட்டத்தைத் திருத்தியது. முதுமையில் அமெரிக்க ஓய்வூதியம் பெறப் போவதில்லை. ஆகவே அதற்கான சந்தாவும் வேண்டாம். இன்றைய விகிதத்தில் ஊதியத்தில் 7.65 விழுக்காடு இவ்வாறு மிஞ்சுகிறது.

இந்த விலக்கின் பெறுமதி, அது கிடைக்காதவர்களைப் பார்த்தால் விளங்கும். எச்-1பி விசாவில் வேலை செய்யும் இந்தியரும் சட்டத்தின் பார்வையில் தற்காலிகமானவரே. ஆயினும் அவர் சமூகப் பாதுகாப்பு வரியைக் கட்டுகிறார். ஓய்வூதியத் தகுதிக்கு 40 காலாண்டுகள், அதாவது பத்தாண்டு உழைப்பு வேண்டும். அதற்கு முன் ஊர் திரும்புபவர் கட்டிய பணம் பொதுவாக அங்கேயே தங்கிவிடுகிறது. இருநாட்டுச் சந்தாக்களையும் சேர்த்துக் கணக்கிடும் உடன்பாட்டை இந்தியா நெடுங்காலமாகக் கேட்டுவருகிறது.

'தற்காலிகம்' என்பதற்கு எண்ணால் எல்லை வகுத்தது 1984ஆம் ஆண்டுச் சட்டம். மூன்று ஆண்டுகளின் நாட்களைக் குறிப்பிட்ட விகிதத்தில் கூட்டி 183ஐ எட்டினால், வரி நோக்கில் அந்நாட்டில் குடியிருப்பவர் என்றது அது. பரிமாற்ற மாணவரின் நாட்கள் ஐந்து காலண்டர் ஆண்டுகள் வரை எண்ணப்படுவதில்லை. ஆசிரியர், ஆய்வாளர், பயிற்சியாளர் ஆகியோருக்கு இச்சலுகை பொதுவாக இரண்டு காலண்டர் ஆண்டுகளே. டிசம்பர் 20 அன்று விமானம் இறங்கியவருக்கு அந்தப் பன்னிரண்டு நாளும் ஓர் ஆண்டாகவே கணக்கில் சேரும். சில நாள் தள்ளிப் புத்தாண்டில் இறங்கியவரோ அந்த ஆண்டை முழுமையாகப் பெறுகிறார். பயணச்சீட்டு வாங்கும்போது இதை நினைப்பவர் சிலரே.

இந்தியருக்கு இவற்றோடு இன்னொரு கடிகாரமும் உண்டு. இந்தியாவும் அமெரிக்காவும் 1959இலேயே இரட்டை வரிவிதிப்பைத் தவிர்க்க ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அது நடைமுறைக்கு வரவே இல்லை. முப்பதாண்டுகள் கழித்து, 1989 செப்டம்பர் 12 அன்று புதுதில்லியில் கையெழுத்தாகி 1990 டிசம்பர் 18இல் நடைமுறைக்கு வந்தது இன்றைய உடன்படிக்கை. அதன் 21ஆம் பிரிவின் பயனாக, இந்திய மாணவர் அமெரிக்கக் குடிமகனைப் போலவே நிலையான கழிவைப் பெறுகிறார். குடியிருப்பாளர் அல்லாத பிறநாட்டவருக்கு அது பொதுவாக மறுக்கப்படும் சலுகை. 22ஆம் பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிறுவனத்தில் கற்பிக்கவோ பொதுநலன் கருதிய ஆய்வு செய்யவோ செல்பவரின் ஊதியத்துக்கு, வந்த நாள் முதல் இரண்டாண்டு வரை வருமானவரி விலக்கு அளிக்கிறது.

அவ்விரண்டாண்டுக்கு ஒரு கூர்முனை உண்டு. வருகை இரண்டாண்டைத் தாண்டிவிட்டால், இரு நாட்டு அதிகாரிகளும் வேறுவகையில் ஒப்புக்கொண்டாலன்றி, தாண்டிய மாதங்களுக்கு மட்டுமல்லாமல் முழு வருகைக்குமே விலக்கு பறிபோகும் என்று அமெரிக்க வருவாய்த்துறையின் 901ஆம் எண் வெளியீடு கூறுகிறது. 8233 என்னும் படிவத்தைக் கொடுத்து, வரி பிடிக்காத முழு ஊதியத்தைப் பெற்று வாழ்ந்தவர், ஆய்வு முடியவில்லையென்று மூன்றாம் ஆண்டும் தங்க நேர்ந்தால், கடந்துபோன இரண்டாண்டின் வரியும் எழுந்து வந்து நிற்கும். நேட்டாலில் தங்கியவர்மீது வரி எதிர்காலத்துக்கு விழுந்தது. இங்கே அது பின்னோக்கியும் விழுகிறது.

இரண்டையும் சமம் என்று கூறுவது வரலாற்றுப் பிழையாகும். கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தத்தை மீறினால் சிறை; ஆய்வுக்கூடத்தில் பேராசிரியரோடு பிணங்கினால் சிறை இல்லை. மூன்று பவுண்டு இனத்தைப் பார்த்து விதிக்கப்பட்டது. 1040-என்ஆர் படிவம் எந்நாட்டவருக்கும் பொது. எல்லாவற்றையும்விட முக்கியமான வேறுபாடு, தொகையைப் பேசி முடித்த மேசையில் யார் அமர்ந்திருந்தார்கள் என்பதில் உள்ளது. 1894இல் நேட்டால் தூதரோடு பேரம் பேசியது லண்டனுக்குக் கட்டுப்பட்ட அரசு. 25 பவுண்டை மூன்றாகக் குறைத்ததைத் தன் கருணையாக அது எண்ணியிருக்கலாம். யாருடைய கூலியிலிருந்து அது எடுக்கப்படுமோ அவர்களை அது கேட்கவில்லை. 1989இல் எதிரே அமர்ந்தது தன் குடிமக்களுக்குப் பதில்சொல்ல வேண்டிய அரசு. மாணவருக்கான கழிவும் ஆய்வாளருக்கான ஈராண்டும் அம்மேசையில் பேசிப் பெற்றவை. அயல்நாட்டில் இருப்பவருக்கு அங்கே வாக்கு இல்லை. அவருக்காகப் பேசும் தாயகமே அவருடைய ஒரே குரல்.

தாயகத்துக்குள்ளேயே அவ்வாறு பேச ஆளில்லாமல் போனவர்களின் நிலையைத் திக்லிபூர் காட்டுகிறது. கிழக்கு வங்காளக் குடும்பங்களுக்கு அரசின் மறுவாழ்வுத் திட்டம் இருந்தது; நெல் விளையும் நிலம் ஐந்து ஏக்கர், மேட்டுநிலம் ஐந்து ஏக்கர் என்று அது வழங்கியது. அந்த நிலங்களைக் காட்டிலிருந்து வெட்டியெடுத்தவர்களில் ராஞ்சித் தொழிலாளர்களும் இருந்தார்கள். அவர்களுடைய ஏட்டில் 'ஒப்பந்தம் முடிந்ததும் திரும்புபவர்' என்றே எழுதியிருந்ததால் அவர்களுக்குத் திட்டம் எதுவும் இல்லை. தாமே வெட்டிய காட்டின் ஓரத்தில் உரிமைப்பத்திரம் இன்றிக் குடிசை போட்டவர்களுக்கு ஆக்கிரமிப்பாளர் என்னும் பெயர் கிடைத்தது. சொந்த ஊரில் பட்டியல் பழங்குடியாக இருப்பவர்களுக்குத் தீவில் அந்தத் தகுதியும் வழங்கப்படவில்லை. அவர்களிடம் யாரும் மூன்று பவுண்டு கேட்கவில்லை. ஆனால் தங்கியதற்கான விலையைத் தலைமுறைகளாக அவர்கள் கட்டிவருகிறார்கள்.

ஆகவே, திக்லிபூரிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் சாலைவழிப் பயணம் செய்து, இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரில் விமானமேறி, கடல்கள் கடந்து ஆய்வுக்குச் செல்லும் இளைஞர் கையோடு கொண்டுபோக வேண்டிய பழைய பாடம் ஒன்று உண்டு. நுழைந்த நாளையும் வெளியேறிய நாளையும் தவறாமல் குறித்து வைத்தல். குடியிருப்பாளருக்கான 1040 படிவத்தை மறந்தும் நிரப்பாதிருத்தல். ஊதியச்சீட்டில் சமூகப் பாதுகாப்பு வரி பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று முதல் மாதமே பார்த்தல். ஒப்பந்தத்தை நீட்டிக்கும் கடிதத்தில் கையெழுத்திடுமுன் இரண்டாண்டு எந்நாளில் முடிகிறது என்று எண்ணுதல். இவை சிறிய காரியங்கள். ஆயினும் டர்பன் துறையில் இறங்கிய வட ஆர்க்காட்டு உழவருக்கும், காட்டுக்குள் கோடரியோடு நுழைந்த முண்டா இளைஞருக்கும் தம் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கும் வாய்ப்பு இருக்கவில்லை. இன்று செல்பவருக்கு அது இருக்கிறது.